பிள்ளை முன்னே, பை பின்னே

மே மாதக் கடைசி வாரத்தில் காசிமேட்டுப் பக்கம் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். அங்கே படகும் பள்ளிக்கூடமும் ஒரே சமயத்தில் வர்ணம் பூசிக்கொள்ளும்.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வேலையில்லாமல் வரிசையாக நிற்கும். தச்சர்கள் பழைய பலகையைப் பெயர்த்துப் புதுப் பலகை அடிப்பார்கள். நீலமும் சிவப்பும் பச்சையுமாகப் பெயிண்ட் டப்பாக்கள் திறந்து கிடக்கும். அங்கிருந்து நாலு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு டப்பா திறந்திருக்கும். சுவருக்கு ஒரு பூச்சு, கரும்பலகைக்கு ஒரு பூச்சு. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

இரண்டும் ஜூன் மாதத்துக்காகத்தான் தயாராகின்றன. ஆனால், பள்ளிக்கூடத்துக்கு ஜூன் பிறக்கிற தேதி வேறு. படகுக்குப் பிறக்கிற தேதி வேறு. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஒரு பெண் குழந்தையின் படிப்பு அகப்பட்டுக்கொண்டு விழித்ததை 2025ஆம் வருஷம் நான் பார்த்தேன். சகோதரிகளே, அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் தேதிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மீன்கள் இனவிருத்தி செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001ஆம் வருஷம் இதை 45 நாளாக வைத்தார்கள். ஏப்ரல் 15ஆம் தேதி ஆரம்பித்தால் மே 29ஆம் தேதி முடிந்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் படகு கடலுக்குப் போய்விடும். 2017 முதல் தடையை 61 நாளாக நீட்டினார்கள். ஜூன் 14 நள்ளிரவு வரைக்கும் படகு கரையை விட்டு நகராது. மீன்வளம் பெருக வேண்டுமென்றால் இது அவசியம்தான். அதைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. ஆனால், குடும்பம் நடத்துகிற நமக்குத் தெரியுமல்லவா, பதினாறு நாள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று?

2025ல் பள்ளிக்கூடம் திறந்தது ஜூன் 2ஆம் தேதி. படகு கிளம்பியது 14ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு. கிளம்பின உடனே பணம் வந்துவிடாது. பெரிய படகுகள் கடலில் ஒரு வாரம், பத்து நாள் தங்கித்தான் திரும்பும். பிறகு ஏலம், பிறகு டீசல் கணக்கு, பிறகு பங்கு. ஆக, ஜூன் மாதம் 25ஆம் தேதிக்கு முன்னால் ஒரு படகுத் தொழிலாளியின் வீட்டில் சம்பாத்தியத்தின் முகத்தைப் பார்க்க முடியாது. சர்க்கார் நிவாரணம் உண்டு. குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023ல் அறிவித்தார்கள். அதை 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 131 ரூபாய் சொச்சம். இதில் அரிசி, பருப்பு, காஸ், வாடகை போக மிச்சத்தில்தான் புதுப் பள்ளிக்கூட வருஷம் பிறந்தாக வேண்டும்.

ஓர் உபாத்தியாயினியுடன் அந்தத் தெருக்களில் சுற்றினேன். பள்ளி திறப்பதற்கு முன்னால் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் பிள்ளைகளைச் சேர்ப்பது வழக்கம். கையில் ஒரு நோட்டுப் புஸ்தகம், தோளில் ஒரு துணிப்பை, தலைக்கு மேல் மே மாத வெயில். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அஞ்சாவது முடிச்ச பிள்ளை இருக்காம்மா? எங்கே சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். பதில் சொல்லாதவர்களும் உண்டு. "உக்காருங்க டீச்சர், மோர் குடிங்க" என்றவர்களே அதிகம்.

"விடுமுறையில் ஓய்வு எடுக்க மாட்டீர்களா?" என்று கேட்டேன்.

"ஓய்வா? என் வீட்டிலேயும் இரண்டு பிள்ளைகள் இருக்கு. அதுகளுக்கு ஃபீஸ் கட்ட இன்னும் வழி பண்ணலை" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஆகஸ்டு 1ஆம் தேதிக் கணக்கில் எத்தனை பிள்ளைகள் இருக்காங்களோ, அதை வச்சுத்தான் எத்தனை வாத்தியார்னு முடிவு பண்ணுவாங்க. பத்துப் பிள்ளை குறைஞ்சா ஒரு வாத்தியாரை வேறே இடத்துக்கு மாத்திடலாம். அப்புறம் மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

பிள்ளைகளுக்கு டீச்சர் எவ்வளவு முக்கியமோ, டீச்சருக்குப் பிள்ளைகளும் அவ்வளவு முக்கியம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு சந்தின் கோடியில் அந்த வீடு. வாசலில் ஓர் அன்னக்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. மீன் விற்கும் வீடு. தாய்க்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு போகப் போகிறான், தனியார் பள்ளி. இளையவள் மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் மாற வேண்டும். திண்ணையில் பாட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பெண் கதவுக்குப் பின்னால் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றாள்.

"பையனுக்குக் கட்டிட்டோம் டீச்சர். கம்மலை வச்சுத்தான் கட்டினேன்" என்றாள் தாய். "இவளுக்குப் பதினஞ்சாந் தேதிக்கு மேல பார்த்துக்கலாம்னு இருக்கேன். படகு போயிட்டு வரட்டும்."

"இரண்டாந் தேதி ஸ்கூல் திறக்குதே அம்மா!"

"திறக்கட்டும் டீச்சர். முதல் வாரம் இன்னா படிப்பு நடக்கப் போவுது? வெறுங்கையோட அனுப்பிச்சா மத்த புள்ளைங்க சிரிக்காதா? பை வேணும், ஷூ வேணும், நோட்டு வேணும், தண்ணி பாட்டில் வேணும். எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்தைந்நூறு ஆவுது. தண்டல்காரர் கிட்ட வாங்கலாம். வாங்கினா நாள் தவறாம வாசல்ல வந்து நிப்பாரு. அதான் யோசிக்கிறேன்."

அந்தத் தாய் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தண்டல் கடன் என்னவென்று வடசென்னை வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள்; பிறகு தினந்தோறும் வந்து வசூலிப்பார்கள். அந்தத் தொல்லைக்குப் பயந்து ஒரு தாய் இரண்டு வாரம் பொறுக்கலாம் என்று நினைத்தால் அது தவறா?

உபாத்தியாயினி நோட்டுப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். "அம்மா, நீங்க சொன்ன பட்டியல்ல பாடப் புஸ்தகம் நாங்க கொடுப்போம். நோட்டு நாங்க கொடுப்போம். அது இரண்டும் திறக்கிற அன்னைக்கே கைக்கு வந்துடும். பை, செருப்பு, ஜியோமிதிப் பெட்டி, சீருடை எல்லாமே உண்டு. ஆனா அதெல்லாம் முன்னே பின்னே வரும். அதுவரைக்கும் பழைய சீருடை போதும். கட்டைப்பையிலே நோட்டைப் போட்டுக்கிட்டு வரட்டும். யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா நான் பார்த்துக்கறேன். ஆனா, இரண்டாந் தேதி காலையிலே பிள்ளை வரணும்."

தாய் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நானும் ஆறாவதுல அப்படித்தான் நின்னேன். 'சீருடை தைக்கணும், கொஞ்சம் இருடி'ன்னாங்க. ஒரு வாரம் இருந்தேன். அப்புறம் பக்கத்து வூட்டு அக்கா கூட எறா உரிக்கப் போனேன், சும்மா கூடமாட. கையில துட்டு கொடுத்தாங்க. அடுத்த நாளும் போனேன். தீபாவளி வந்துடுச்சு. அதுக்கப்புறம் யாரும் ஸ்கூல் பேச்சே எடுக்கல."

திண்ணையில் பாட்டியின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் வெற்றிலையைத் தடவ ஆரம்பித்தது.

நாங்கள் எழுந்துகொண்டபோது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், புதுப் பை இல்லாம வரலாமா?"

"வரலாம் கண்ணு" என்றார் டீச்சர்.

அன்றைக்குச் சாயங்காலம் வீடு திரும்பும்போது எனக்கு வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவரின் ஞாபகம் வந்தது. சர் பிட்டி தியாகராயர். அவர் பெயரால் அந்தப் பேட்டையில் இன்றும் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுப்பது என்று. சில பள்ளிகளுக்குப் பரவி, சில வருஷங்களில் அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. ஆனால் அந்த ஓர் அணாவில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்துவது சம்பளம் மட்டுமல்ல. பசி நிறுத்தும். கிழிந்த சட்டை நிறுத்தும். 'நாலு பேர் சிரிப்பார்களே' என்கிற வெட்கம், இவை எல்லாவற்றையும்விட அதிகமாக நிறுத்தும்.

தியாகராயர் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே இது நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் போதிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததையும், அதற்காக நிலம் விட்டிருந்ததையும் சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. பாடம் சொல்ல மண்டபம் மட்டும் போதாது, அதை நடத்த விளைச்சலும் வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் 1956ல் காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் ஆரம்பித்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம், முதல் கட்டமாக 1,545 பள்ளிகளில் தொடங்கியது. சென்னையில் அதற்கு முதலில் அடுப்பு மூட்டிய பள்ளிகளில் பெரும்பாலானவை நம் வடசென்னைப் பள்ளிகள்தாம். 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிற்று. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காலையில் கிடைக்கிறது என்றால், விடியற்காலையில் கூடை தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு ஓடுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

இந்த வரிசையில் இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ராயபுரத்திலிருந்து 1856ஆம் வருஷம் தென்னாட்டின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிற்று அல்லவா? அந்தப் பாதையில் திருவள்ளூரைத் தாண்டினால் கடம்பத்தூர். அங்கே 1958ஆம் வருஷம் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராஜர் முதல் மந்திரி, நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர். அந்த மாநாட்டின் ஏற்பாடு ரொம்ப எளிமையானது. பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன தேவை என்று ஒரு பட்டியல் போடுவது. ஊர்க்காரர்கள் அவரவர் சக்திக்கு ஏற்றதைக் கொடுப்பது. நாற்காலி கொடுத்தவர் உண்டு, கடிகாரம் கொடுத்தவர் உண்டு, பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி கொடுத்தவர் உண்டு. பிறகு மாநிலம் பூராவும் இப்படிப்பட்ட மாநாடுகள் நடந்தன. சர்க்கார் ஒரு கை, ஊர் ஒரு கை. இரண்டு கையும் சேர்ந்தபோதுதான் பள்ளிக்கூடம் நிரம்பிற்று.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

ஜூன் மாதச் செலவு மீனவர் வீட்டை மட்டும் பிடித்து ஆட்டுவதில்லை. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறவர் வீட்டிலும், மணலியில் லாரி ஓட்டுகிறவர் வீட்டிலும், தண்டையார்பேட்டையில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர் வீட்டிலும் இதே கதைதான். எம்.சி. ரோடில் கூட்டத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறப்பதையே இரண்டாவது தீபாவளியாக ஆக்கிவிட்டோம். சக்கரம் வைத்த பை, படம் போட்ட பாட்டில், மூன்று அடுக்கு டிபன் பாக்ஸ். பிள்ளை கேட்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கிறது, நாமும் வாங்கிவிடுகிறோம். மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் பாதி விலைக்குப் பழைய பாடப் புஸ்தகம் வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர்! அதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை. 1985ல் அந்த மார்க்கெட் தீக்கிரையானது. அத்தோடு பழையதை வாங்கிப் படிக்கும் பழக்கமும் நம் வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

எனக்குத் தோன்றுகிற யோசனை இது. பட்டியல் போடும்போது நடுவில் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு மேலே, முதல் நாள் இல்லாமல் முடியாதவை. கோட்டுக்குக் கீழே, ஜூன் கடைசியில் வாங்கினாலும் குடி முழுகிப் போகாதவை. மேலே எழுத என்ன இருக்கும்? ஒரு நோட்டு, ஒரு பேனா, துவைத்த உடை, காலில் ஏதோ ஒரு செருப்பு. மற்றதெல்லாம் கீழேதான் போகும். நோட்டு வாங்க வேண்டியிருந்தால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பிராட்வேக்குப் போய் ஆண்டர்சன் தெருவில் டஜன் கணக்கில் வாங்குங்கள். ஆளுக்கு ஒன்றாகத் தெருமுனைக் கடையில் வாங்குவதைவிட மிச்சமாகும்.

தனியார் பள்ளியில் சேர்க்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். அந்தப் பள்ளிகள் வாங்கும் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷமே சட்டம் வந்து, அதற்கென்று குழுவும் அமைந்தது. உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று விசாரியுங்கள். கட்டின தொகைக்கு ரசீது கேளுங்கள். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தரும் சட்டம். 2009ல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதில் தாய்மார்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக இன்னொரு அரசுப் பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் மறுக்கக் கூடாது. சேர்க்கும்போது நன்கொடை கேட்கக் கூடாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்து வடிகட்டவும் கூடாது. இடையில் நின்றுபோன பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் குற்றம். ஜூன் மாதம் தவறிப்போய், நாள் கடந்து வந்தாலும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வீடு மாறி வந்தவர்களுக்கும், ஒரிஸா, பீகாரிலிருந்து பிழைக்க வந்து எண்ணூர், மணலிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய துணை! உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் இந்த விஷயத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடப் போனால் போதும்.

அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வைக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதாவது, கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா, குடிதண்ணீர் வருகிறதா என்று கேட்கிற அதிகாரம் நமக்கே உண்டு. "எனக்கு என்ன தெரியும், அவர் வந்து பேசட்டும்" என்று புருஷனைத் தள்ளிவிட்டு ஒதுங்காதீர்கள். கழிப்பறை இல்லாத கஷ்டம் நம்மைவிட யாருக்குத் தெரியும்?

பெண்ணை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது இன்னொன்றையும் யோசியுங்கள். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி, நம் பிராட்வேக்கு அருகிலுள்ள பாரதி மகளிர் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலேயே வங்கியில் விழும் என்பது திட்டம். ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்கிற முடிவு ஏழு வருஷம் கழித்துக் கல்லூரி வாசல் வரைக்கும் கூட வருகிறது. அந்த முடிவைக் கம்மல் அடகுக் கடையில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா என்று பார்த்து அவசரத்தில் எடுக்கலாமா? பையனுக்கு முதலில், பெண்ணுக்குப் பிறகு என்பது நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து சொல்லாத சட்டம். சொல்லாததாலேயே அதை யாரும் எதிர்த்துக் கேட்பதும் இல்லை.

இனி, நான் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

ஜூன் 2ஆம் தேதி, திங்கட்கிழமை. காலையிலேயே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிரார்த்தனை முடிந்தது, மணி அடித்தது, பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். எங்களோடு வீடு வீடாகச் சுற்றிய அந்த டீச்சர் நோட்டுப் புஸ்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

மணி பத்தரை இருக்கும். பாட்டி வந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கிற்று. ஒரு கையில் பேத்தி; இன்னொரு கையில் ஏதோ ஜவுளிக்கடையின் கட்டைப்பை. பெண்ணின் பழைய சீருடை கொஞ்சம் குட்டையாகத்தான் இருந்தது. ஆனால் தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"ஏன் பாட்டி லேட்?" என்றார் டீச்சர்.

"அவ மார்க்கெட்டுக்குப் போயிட்டாம்மா. 'பதினஞ்சாந் தேதிக்கு மேல போவலாம்'னு சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் கூட்டியாந்தேன்." பாட்டி பையை டீச்சரிடம் நீட்டினாள். "இவ அம்மாவை அன்னைக்கு நான்தான் நிறுத்தினேன். 'கொஞ்சம் இருடி'ன்னு சொன்னது இந்த வாய்தான். அந்த ஒருத்தி போதும் டீச்சர்."

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் நோட்டுப் புஸ்தகத்தில் டிக் அடித்தார். அந்தப் பெண் வகுப்புக்குள் போய் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். அன்றைக்கே அவள் கைக்குப் பாடப் புஸ்தகங்கள் வந்தன. வாங்கின உடனே ஒன்றைப் பிரித்து முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். புதுப் புஸ்தகத்தின் வாசனை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

ஜூலை மாதம் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். படகு திரும்பி வந்து, தகப்பனார் புதுப் பை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பை வந்தது ஜூன் 26ஆம் தேதி. அதற்குள் அந்தப் பெண் முதல் பாடத்தை முடித்து, பக்கத்துப் பெஞ்சுக்காரியோடு சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிட்டாளாம்.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்கள். பள்ளிக்கூட விஷயத்தில் நாம் அதை மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும். பிள்ளை முன்னே போகட்டும். பை பின்னே வரும். முதல் வாரத்தில் படிப்பு அதிகம் நடக்காமல் இருக்கலாம். ஆனால் யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாருக்கு யார் சிநேகிதி, டீச்சர் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் முடிவாகிறது. பிறகு வருகிற குழந்தை கடைசி பெஞ்சில் விருந்தாளி மாதிரி உட்காருகிறது. விருந்தாளி என்றைக்கு வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் அல்லவா?

சகோதரிகளே, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணிடம், வாசலில் மீன் கொண்டுவருகிற அம்மாளிடம், மாடியில் குடியிருக்கும் வாட்ச்மேன் மனைவியிடம் மே மாதக் கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்க பிள்ளை எந்த கிளாஸ் போகுது? திறக்கிற அன்னைக்குப் போகுமா?" பதில் சொல்லத் தயங்கினால், உங்கள் பரணில் கிடக்கிற போன வருஷத்துப் பையையும் ஜியோமிதிப் பெட்டியையும் தூசி தட்டி எடுத்துக் கொடுங்கள். பழசைக் கொடுக்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். கடம்பத்தூரில் கொடுத்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம்.

கொடுக்க ஒன்றும் இல்லையென்றாலும், அந்தப் பாட்டி செய்தது நம்மால் முடியும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டு வரலாம்.